வெளியூர்ப் புரோக்கரோடு கொமிஷன் பங்கு: காணியைக் காட்டுமுன் எழுதிக்கொள்ளுங்கள்

கொட்டகலைக்குப் பக்கத்தில் 40 பேர்ச்சஸ் காணி ஒன்று இரண்டு கோடி ரூபாவுக்கு விலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் 3 சதவீதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆறு லட்சம். காணியைக் கையில் வைத்திருப்பவர் ஹட்டன் புரோக்கர். வாங்குபவரைக் கூட்டி வந்தவர் கொழும்புப் புரோக்கர். அந்த ஆளைக் கொழும்புக்காரருக்குச் சொன்னவர் டொரொண்டோவில் வீடு விற்கும் முகவர். உறுதி எழுதும் நாளில் விற்பவரின் அடுத்த வீட்டுக்காரரும் வந்துவிடுவார். காணி விலைக்கு நிற்கிறது என்று முதலில் வெளியே சொன்னவர் அவர்தான். நொத்தாரிசு கந்தோர் வாசலில் நான்கு பேர் நிற்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

இப்படி வாசலில் முறிந்த கூட்டுகள் மலையகத்தில் ஏராளம். சிலசமயம் கூட்டு மட்டுமல்ல, விற்பனையே முறிந்துபோகும். பங்கு கிடைக்காத கோபத்தில் ஒருவர் வாங்குபவரின் காதில் போய், "அந்த உறுதியில் ஏதோ சிக்கல் இருக்கிறதாம்" என்று ஒரு சொல் போட்டால் போதும். ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். வாங்குபவரைக் காணிக்குக் கூட்டிப் போவதற்கு முன்பே பங்கை எழுதுங்கள். எழுதியதை விற்பவரிடமும் காட்டுங்கள்.

வெளிநாட்டில் உரிமம் பெற்ற முகவர்களோடு தொழில் செய்யும் நம்மவர்கள் இப்போது அதிகம். அந்த நாடுகளில் கொமிஷன் பங்கு என்பது சட்டத்தின் கண் படுகிற விஷயம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே உரிமம் கொடுக்கிறது. ஒரு மாநிலத்து உரிமம் உள்ளவர் அடுத்த மாநிலத்துக்குள் வந்து உள்ளூர் முகவரோடு சேர்ந்து வீட்டைக் காட்டலாமா, அல்லது ஆளை அனுப்பிவைத்துப் பங்கு மட்டும் வாங்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆளை அனுப்பியதற்காக வரும் கொமிஷனில் கால்பங்கு கொடுப்பது அங்கே பரவலான வழக்கம். உரிமம் பெற்றவர்களுக்குள் அந்தப் பங்கீட்டை 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அனுமதிக்கிறது. மறைவாகக் கைமாறும் கைக்கூலியைத் தடுப்பதும் அதே சட்டம்தான். இந்தியாவில் இருப்பது, வீடு காணித் தொழிலை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம். ஒரு முகவர் ஒரு மாநிலத்தில் பதிந்தால் அந்தப் பதிவு அந்த மாநிலத்துக்கு மட்டுமே செல்லும். பெங்களூரில் பதிந்தவர் சென்னையில் விற்க வேண்டுமானால் தமிழ்நாட்டிலும் பதிய வேண்டும்.

இலங்கையில் அப்படிக் காணிப் புரோக்கருக்கென்று தனி ஆணையம் இல்லை. நல்ல புரோக்கரைக் கெட்டவரிடமிருந்து பிரித்துக் காட்ட யாரும் இல்லை. கூட்டாளி ஏமாற்றினால் போய் முறையிடவும் இடமில்லை. மிஞ்சியிருப்பது நீதிமன்றமும் எழுத்தும்தான். அதனால்தான் அமெரிக்காவில் இருப்பவரைவிட நமக்கே எழுத்து கூடுதலாகத் தேவை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்வது அது. கொமிஷன் ஒப்பந்தம் காணியை யாருக்கும் மாற்றிக்கொடுப்பதில்லை, ஆகவே அதற்கு நொத்தாரிசு தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். தூரத்தில் இருப்பவரோடு என்றால் மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ உதவும். மின்னணு ஆவணங்களுக்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. இன்னொரு தப்பான நம்பிக்கையும் உண்டு: உறுதியில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் கொமிஷன் உறுதியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கையெழுத்து உறுதி முறைப்படி எழுதப்பட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. உங்கள் பங்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அந்தத் தாளில் என்ன எழுதுவது? நான் எழுதிக் கொடுக்கும் வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"கொட்டகலையில் உள்ள, இன்ன நில அளவைப் பிளான் இலக்கத்தில் காட்டப்பட்ட, இன்ன உறுதி இலக்கமுடைய 40 பேர்ச்சஸ் காணியை இன்ன பெயருடைய, இன்ன அடையாள அட்டை இலக்கமுடைய நபருக்கு இன்ன திகதியில் அறிமுகம் செய்கிறோம். இவர் பெயரிலோ, இவருடைய மனைவி, பிள்ளைகள், கம்பெனி பெயரிலோ இன்றிலிருந்து 12 மாதத்துக்குள் உறுதி எழுதப்பட்டால், விற்பவர் உறுதியில் காட்டும் விலையில் 3 சதவீதம் கொமிஷன் தருவார். அதில் பாதி விற்பவர் பக்கத்துப் புரோக்கருக்கு. பாதி வாங்குபவர் பக்கத்துப் புரோக்கருக்கு. ஒவ்வொரு பக்கமும் தன்னோடு வந்த வேறு ஆட்களுக்குத் தன் பங்கிலிருந்தே கொடுக்கும். பணம் உறுதி எழுதும் நாளில், விற்பவரின் கையிலிருந்து நேரே இரு பக்கத்துக்கும் தனித்தனியாகச் செலுத்தப்படும். உறுதி எழுதப்படாவிட்டால் யாருக்கும் கொமிஷன் இல்லை. முன்கூட்டி வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் திருப்பித் தரப்படும்."

இதில் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு சண்டையிலிருந்து பிறந்தது. வாங்குபவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் ஏன்? காணியைப் பார்த்தவர் ஒருவர், மூன்று மாதம் கழித்து உறுதி எழுதுபவர் அவருடைய மகன் என்றாகும்போது, "இது வேறு ஆள்" என்று சொல்லித் தப்பிக்காமல் இருக்க. 12 மாதக் கெடு ஏன்? கெடு இல்லாத உரிமை விற்பவரின் கழுத்தில் என்றைக்கும் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்கு அவர் ஒப்பமாட்டார். பணம் நேரே இரு பக்கத்துக்கும் தனித்தனியாக ஏன்? ஒருவர் மொத்தமாக வாங்கி மற்றவருக்குக் கொடுப்பது என்று விட்டால், பாதிச் சண்டை அங்கேதான் தொடங்கும்.

"ஒவ்வொரு பக்கமும் தன் பங்கிலிருந்து" என்ற வரிதான் இதில் உயிர். இரண்டே பக்கங்கள்தான்: விற்பவர் பக்கம், வாங்குபவர் பக்கம். நம் உதாரணத்தில் ஹட்டன்காரருக்கு மூன்று லட்சம், கொழும்புக்காரருக்கு மூன்று லட்சம். டொரொண்டோ முகவருக்குக் கால்பங்கு என்று பேசியிருந்தால், கொழும்புக்காரரின் மூன்று லட்சத்திலிருந்து எழுபத்தையாயிரம் போகும். செய்தி சொன்ன அடுத்த வீட்டுக்காரருக்கு ஹட்டன்காரர் தன் பங்கிலிருந்து ஒரு தொகை கொடுப்பார். எத்தனை பேர் வந்து சேர்ந்தாலும் ஆறு லட்சம் ஏழு லட்சம் ஆகாது. வழக்கென்று போனாலும், இந்த விற்பனை யாருடைய முயற்சியால் நடந்தது என்பதுதான் முதற் கேள்வியாக வரும். காணிப் பக்கம் போனவர்கள் எல்லோருக்கும் பங்கு என்று அந்தக் கேள்விக்குப் பொருளில்லை.

விற்பவரிடம் ஏன் காட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். மேல்விலை வைத்து விற்கும் பழக்கம்தான் காரணம். விற்பவர் ஒரு கோடி எண்பது லட்சம் கேட்கிறார். புரோக்கர் வாங்குபவரிடம் இரண்டு கோடி சொல்லி, இடையில் இருக்கும் இருபது லட்சத்தைக் கூட்டாளிகளோடு பிரித்துக்கொள்கிறார். விற்பவருக்குத் தெரிந்து, அவர் எழுத்தில் சம்மதித்தால் அது ஒரு பேச்சு. தெரியாமல் செய்தால், ஒருவருக்காக வேலை செய்பவர் அவருக்குத் தெரியாமல் இலாபம் எடுத்தார் என்றாகிவிடும். அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க விற்பவருக்கு உரிமை உண்டு. இரண்டு பக்கத்திலும் கொமிஷன் வாங்குவதும் அப்படியே. இரு பக்கத்துக்கும் சொல்லிவிட்டு வாங்குங்கள். பங்கிடுவதற்கு வெளியூர்க் கூட்டாளி இருக்கும்போது இந்த மறைப்புகள் இன்னும் ஆழமாகும், ஏனென்றால் ஒருவர் மறைத்தது இருவருக்கும் பழியாக வரும்.

மலையகத்து மக்களுக்கு இடையில் நிற்பவர்களின் கணக்கு புதிதல்ல. கங்காணிமார் ஆட்களின் தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கினார்கள். ஆள் தோட்டம் மாறும்போது அவருடைய கடனை எழுதிய துண்டு தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. இடையில் நின்றவர்கள் பங்கிட்டுக்கொண்டதெல்லாம் கடைசியில் கொழுந்து பறித்தவர் கணக்கில் ஏறியது. காணி விற்பனையிலும் எழுதாத பங்குகள் எல்லாம் விலையில் ஏறும். அதைச் சுமப்பவர் வாயில்லாத பக்கத்துக்காரர்.

வெளிநாட்டுக் கூட்டாளி வருகிற இடத்துக்கு இப்போது வருகிறேன். ஒன்ராறியோவில் 2023 டிசம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ், விற்பனை முகவர் தாம் பதிந்திருக்கும் நிறுவனத்தின் வழியாகத்தான் கொமிஷன் வாங்க வேண்டும். டொரொண்டோவில் இருக்கும் உங்கள் கூட்டாளி, "என் சொந்தக் கணக்குக்குப் போடுங்கள்" என்று சொன்னால், அவருடைய உரிமத்துக்கே அது ஆபத்து. நிறுவனத்தின் பெயரில் விலைச்சிட்டை அனுப்பச் சொல்லுங்கள்; நிறுவனக் கணக்குக்கு வங்கி வழியாக அனுப்புங்கள். அமெரிக்காவிலும் விற்பனை முகவருக்குப் பணம் அவருடைய தலைமைப் புரோக்கர் வழியாகவே போகும். இங்கிலாந்தில் உரிமம் என்று ஒன்று இல்லை, ஆனால் குறைதீர் திட்டம் ஒன்றில் சேராமல் வீடு விற்கும் தொழில் செய்ய முடியாது. எந்தத் திட்டத்தில் இருக்கிறார் என்று கேட்பது தப்பல்ல.

உண்டியல் வழியாகப் பங்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டத்தின் கீழ், காணி வீடு வியாபாரம் செய்பவர்களும் மத்திய வங்கியின் நிதிப் புலனாய்வுப் பிரிவின் பார்வைக்குள் வருகிறார்கள். ஆள் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று அறிந்து வைத்திருக்க வேண்டிய கடமை உங்களுக்கும் உண்டு. ஹட்டனில் சின்னதாகத் தொழில் செய்பவர் இதைத் தனக்கில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டோடு பங்கு போடுவது நமக்கு இன்னும் பழக்கமானது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் போன சொந்தங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் கோயம்புத்தூர், சென்னை என்று பரவிவிட்டார்கள். அங்கிருந்து ஒருவர், "சென்னையில் புது அபார்ட்மெண்ட் வருகிறது, ஹட்டனிலிருந்து ஆள் அனுப்பினால் பங்கு தருகிறேன்" என்பார். இதில் இரண்டு சுவர்கள் இருக்கின்றன. ரெரா சட்டத்தில் முகவர் என்றால் வாங்குபவரையும் விற்பவரையும் எந்த வழியிலாவது அறிமுகம் செய்து கூலி வாங்குபவரும் அடக்கம். பதிவில்லாமல் அதைச் செய்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபா அபராதம், வீட்டு விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். "ஆளை மட்டும்தான் அனுப்பினேன்" என்பது அங்கே தப்பிக்கும் வழியல்ல.

இரண்டாவது சுவர் இன்னும் உயரம். இலங்கைக் குடியுரிமை உள்ளவர் இந்தியாவில் வீடோ காணியோ வாங்க இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். ஐந்து வருஷத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் அது தேவையில்லை. கடல்கடந்த இந்தியக் குடியுரிமை (OCI) அட்டை வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. முதலில் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு வீட்டைப் பற்றிப் பேசுங்கள். அனுமதியில்லாத ஆளை அனுப்பி அட்வான்ஸ் கட்ட வைத்துவிட்டு, அதில் பங்கு வாங்கினால், அந்தக் குடும்பத்தின் சேமிப்பில் கை வைத்ததாகும்.

மறுபக்கம் இங்கேயும் சுவர் உண்டு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி மாற்றிக் கொடுப்பதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு விலக்கு இருக்கிறது. 99 வருஷம் வரை குத்தகைக்கு எடுக்கவும் இடமிருக்கிறது. ஆனால் இலங்கைக் குடியுரிமையை விட்டுவிட்டுக் கனேடியக் குடியுரிமை மட்டும் வைத்திருக்கும் நம்மவர் நுவரெலியாவில் காணியைச் சொந்தமாக வாங்க முடியாது. "தங்கச்சி பேரில் எழுதிவிடலாம்" என்று புரோக்கர் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். பத்து வருஷம் கழித்து அண்ணனும் தங்கையும் முகம் பார்க்காமல் போவது அப்படித்தான். வெளிநாட்டு முகவரோடு பங்கு பேசும்போதே வாங்குபவரின் கடவுச்சீட்டையும் குடியுரிமைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

எந்தக் காணிக்குக் கொமிஷன் பேசலாம், எதற்குப் பேசக்கூடாது என்பதுதான் மலையகத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992இல் 22 பெருந்தோட்டக் கம்பெனிகள் உருவாகி, தோட்டங்கள் குத்தகைக்குப் போயின. கம்பெனியிடம் இருப்பது குத்தகை உரிமை மட்டும்தான். "துரையிடம் பேசி இந்த மூலையில் அரை ஏக்கர் பிரித்து எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் கொழும்புக்காரரிடம் சொன்னால், அந்தத் துரைக்கே விற்க அதிகாரமில்லாத காணி அது. அதற்குப் பங்கு பேசும் வெளியூர்க் கூட்டாளிக்கு நீங்கள் துணை போனால், மோசடிக்குத் துணை போனதாகும்.

1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணிகளையும் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. தேயிலைக் காணியைத் துண்டு போட 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கும். தனியார் காணி என்றாலும் காணிப் பதிவகத்தில் 30 வருஷ உரித்தைத் தேடிப் பார்த்த பிறகே வெளியூருக்குப் படம் அனுப்புங்கள். சரிவில் இருக்கும் காணிக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையையும் கேளுங்கள். 2025 நவம்பரில் டிட்வா புயல் நம் மலைகளில் செய்ததைப் பார்த்த பிறகும் அந்த அறிக்கை இல்லாமல் வீட்டுக் காணி விற்பது மன்னிக்க முடியாத காரியம்.

தோட்டத்து மக்களின் 7 பேர்ச்சஸ் காணியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் வீடுகளும் "பசுமை பூமி" உறுதிகளும் லயத்திலிருந்து வெளியே வந்த குடும்பங்களின் கையில் முதல் தடவையாகச் சொந்தமென்று வந்தவை. அந்த உறுதிகளில் உள்ள நிபந்தனைகளை வரி வரியாக வாசிக்காமல் யாரும் விலை பேசக் கூடாது. கடன் நெருக்கடியில் ஒருவர் வந்து நின்றால், விற்க வழி பார்ப்பதற்கு முன் அவருடைய மகனையோ மகளையோ கூப்பிட்டு, ஒரு தடவை பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்புங்கள். அந்த 7 பேர்ச்சஸ் மேல் நான்கு ஊர்ப் புரோக்கர்கள் பங்கு போடுவதை நான் எந்த நியாயத்தாலும் ஏற்க மாட்டேன்.

பணம் கைக்கு வந்த பிறகு வரியும் உண்டு. கொமிஷன் வருமானம்தான். கம்பெனிகள் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் தரகுக் கூலி கொடுக்கும்போது வரியை முதலிலேயே கழித்துக்கொள்ள வேண்டி வரும். கழித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மொத்தக் கொமிஷனும் உங்கள் கணக்கில் வந்து, பாதியைக் கூட்டாளிக்குக் கொடுத்திருந்தால், அவருடைய பற்றுச்சீட்டு இல்லாமல் அந்தப் பாதிக்கும் உங்களிடமே வரி கேட்கப்படலாம். பணத்தைத் தனித்தனியாக வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏற்கெனவே வாய்ப்பேச்சில் கூட்டுச் சேர்ந்து, காணியையும் காட்டிவிட்டேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைக்கே கூட்டாளிக்கும் விற்பவருக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள்: எந்தக் காணி, எந்த ஆள், என்ன பங்கு, எந்த நாளில் பேசியது. "சரி" என்ற பதில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். உறுதி எழுதும் நாளுக்கு முன் அதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்தில் இல்லாத வாக்குறுதிக்கு வழக்குப் போட 3 வருஷம்தான் அவகாசம். எழுத்தில் இருந்தால் 6 வருஷம்.